அளவெனும் அமானிதம்: தமிழகத்தில் கதிர் மருத்துவம் வேரூன்றிய வரலாறு

அரபு மொழியில் நண்டுக்கு ‘ஸரதான்’ என்று பெயர். வானியலில் கடக ராசிக்கும், மருத்துவ நூல்களில் புற்றுநோய்க்கும் அதே சொல்லே வழங்கி வருகிறது. கிரேக்கரின் ‘கார்கினோஸ்’, இலத்தீனரின் ‘கேன்ஸர்’ ஆகியனவும் நண்டையே குறிப்பன. கட்டியைச் சுற்றிப் புடைத்து நிற்கும் இரத்த நாளங்கள் நண்டின் கால்களைப் போலத் தோன்றுவதாலோ, பற்றிய இடத்தை விடாத இயல்பாலோ இப்பெயர் அமைந்தது என்று இப்னு ஸீனா தம் ‘அல்கானூன்’ நூலில் விளக்குவார். தமிழர் இவ்வழியில் செல்லவில்லை. வெளியே சிறு மேடாகத் தோன்றி, உள்ளே கண்ணுக்குத் தெரியாமல் கிளைபரப்பிச் செல்லும் கறையான் புற்றை இந்நோய்க்கு உவமையாகக் கண்டனர். செம்மண் தேரிகளின் ஓரத்தில் வாழும் சாத்தான்குளம் வட்டார மக்களுக்கு இவ்வுவமையின் பொருத்தத்தை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் குர்துபாவை அடுத்த மதீனத்துஸ் ஸஹ்ராவில் வாழ்ந்த அறுவை மருத்துவ மேதை அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவீ, முப்பது பகுதிகளைக் கொண்ட தம் ‘அத்தஸ்ரீஃப்’ நூலின் இறுதிப் பகுதியில் இந்நோயைப் பற்றிப் பேசுகிறார். கட்டி சிறிதாகவும், கத்தி எட்டும் இடத்திலும் இருந்தால் முழுமையாக அகற்றலாம் என்பது அவர் கருத்து. முற்றிப் பெருத்துவிட்டால் அதனை நெருங்க வேண்டாம் என்று எச்சரிக்கிறார். அத்தகைய நோயாளி ஒருவரைத் தாம் குணப்படுத்தியதும் இல்லை, பிறர் குணப்படுத்தக் கண்டதும் இல்லை என ஒளிவுமறைவின்றி ஒப்புக்கொள்கிறார். எல்லா நோய்க்கும் இறைவன் நிவாரணத்தை அருளியுள்ளான் எனும் நபிமொழியை அறிந்திருந்த மருத்துவரின் வாக்குமூலம் இது. நிவாரணம் உண்டு என்று நம்புவது ஈமானைச் சார்ந்தது. அது இன்னும் கண்டறியப்படவில்லை என்று ஒப்புக்கொள்வது அறிவின் நேர்மை. இவ்விரண்டும் ஒரே உள்ளத்தில் அமைந்திருந்தமையைத் தான் நாம் ஈண்டுக் கருதிப் பார்க்க வேண்டும்.

ஸஹ்ராவீயின் காலத்தில் இல்லாத ஒரு வழி இன்று உண்டு. ஆயினும் அவ்வழியே செல்ல நம் மக்கள் அஞ்சுகின்றனர். கதிர் மருத்துவத்தை நம் ஊர்ப்புறங்களில் ‘கரண்ட் வைத்தல்’ என்பார்கள். நாம் நன்கறிந்த மூதாட்டி ஒருவர் வெற்றிலையும் புகையிலையும் மென்ற பழக்கத்தால் கன்னத்தின் உட்புறம் புண் கண்டு, ஆறு வாரக் கதிர் சிகிச்சைக்குச் சென்றார். இரண்டு வாரம் முடிந்த நிலையில், நலம் விசாரிக்கச் சென்ற உறவினர்கள், ‘கரண்ட் வைத்தால் உடம்பு கருகிப் போகும், இருக்கிற உயிரும் போய்விடும்’ என்று கூறி வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டனர். சில மாதங்களில் நோய் கழுத்துக்குப் பரவியது. மீண்டும் மருத்துவரிடம் கொண்டு சென்றபோது காலம் கடந்துவிட்டது. அவ்வம்மையாரின் ஜனாஸாவில் நின்றபோது, உறவினர்கள் சொன்னதை மறுத்துரைக்கும் அறிவு நம்மிடமும் இல்லாதிருந்ததை எண்ணி வருந்தினோம். அவ்வருத்தமே இம்மருத்துவத்தின் வரலாற்றைத் தேடிப் படிக்க நம்மைத் தூண்டியது.

கதிர் வந்த வழி

1895ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் நாள் ஜெர்மானிய இயற்பியலாளர் ரான்ட்ஜென் எக்ஸ் கதிரைக் கண்டறிந்தார். மறு ஆண்டில் பெக்கரல் யுரேனியத்தின் கதிரியக்கத்தைக் கண்டார். 1898இல் மேரி கியூரியும் பியேர் கியூரியும் பொலோனியம், ரேடியம் ஆகிய தனிமங்களை உலகுக்கு அறிவித்தனர். இக்கதிர் தோலைப் புண்ணாக்குகிறது என்பதை ஆய்வாளர்கள் தம் விரல்களில் பட்ட காயங்களால் அறிந்தனர். உயிருள்ள திசுவை அழிக்கும் ஆற்றல் இதற்கு உண்டெனில், தீய கட்டியையும் இது அழிக்குமன்றோ எனும் சிந்தனை அக்காயங்களிலிருந்தே பிறந்தது. மருந்தின் வரலாறும் நஞ்சின் வரலாறும் ஒரே நாளில் தொடங்கின எனலாம். மேரி கியூரி அம்மையாரே 1934இல் இரத்தம் ஊறாத நோயால் மறைந்தார். அதற்கு அவர் வாழ்நாள் முழுதும் ஏற்ற கதிரே காரணம் என்பது பொதுவான கருத்து.

அழிவையும் ஆக்கத்தையும் பிரிக்கும் கோடு எது எனும் கேள்விக்கு விடை தேடியவர்களுள் பாரிஸ் ரேடியம் கழகத்தின் ரெகோ, கூத்தார் ஆகிய இருவரும் குறிப்பிடத்தக்கவர்கள். ஒரே தடவையில் பெரும் அளவு கதிரைச் செலுத்தினால் கட்டியோடு தோலும் அழிந்துவிடுகிறது. அதே கதிரைச் சிறுசிறு கூறாகப் பல நாட்களுக்குப் பகிர்ந்தளித்தால், நலமான திசு இடைவேளைகளில் தன்னைச் சீர்செய்து கொள்கிறது. புற்றணுக்களோ அவ்வாறு சீர்பெற இயலாமல் மடிகின்றன. செம்மறிக் கிடாக்களிடம் நடத்திய சோதனைகளில் ரெகோ கண்ட இவ்வுண்மையைக் கூத்தார் 1920களிலும் 1930களிலும் தொண்டைப் புற்றுநோயாளரிடம் செயற்படுத்தினார். இன்று ஒருவர் ஆறு வாரம் நாள்தோறும் சிகிச்சைக்குச் செல்வதன் காரணம் இதுவே. பாதியில் நிறுத்திவிடுவது ஏன் பெருந்தீங்கு என்பதற்கும் விடை இதில் அடங்கியுள்ளது.

அக்காலத்தில் சென்னை மாகாணமும் பின்தங்கியிருக்கவில்லை. சென்னைப் பொது மருத்துவமனையில் 1934இல் பர்னார்ட் கதிரியல் நிலையம் திறக்கப்பட்டது. அன்று சென்னை மாகாணத்தில் அடங்கியிருந்த மதனப்பள்ளியில் 1904இல் பிறந்த ராமையா நாயுடு, பாரிஸ் சென்று மேரி கியூரியிடம் பயின்றார். நாடு திரும்பிய அவர், 1941இல் திறக்கப்பெற்ற பம்பாய் டாடா நினைவு மருத்துவமனையில் இயற்பியலாளராகப் பணியேற்றார். ரேடியத்திலிருந்து வெளிப்படும் ரேடான் வாயுவைச் சேகரித்து, நுண்குழல்களில் அடைத்து, கட்டியினுள் பதிக்கும் சிகிச்சைக்கான சாதனம் அவர் பொறுப்பில் அங்கே இயங்கியது. ரேடானின் அரை ஆயுள் நான்கு நாட்களுக்கும் குறைவு. ஆகவே ஒவ்வொரு குழலிலும் எஞ்சியிருக்கும் ஆற்றலைக் கணக்கிட்டே பயன்படுத்த வேண்டும். கத்தியும் மருந்துச் சீட்டும் ஏந்தாத, கணக்கை மட்டுமே கருவியாகக் கொண்ட ஒருவர் இந்திய மருத்துவமனையில் இடம்பெற்றது இவ்வாறுதான். இந்தியாவின் முதல் மருத்துவ இயற்பியலாளர் என்று அத்துறையினர் அவரைப் போற்றுகின்றனர்.

அடையாற்றுக் குடிலில்

தமிழகத்தில் இவ்வறிவை ஏழைகளின் வாயிலுக்குக் கொண்டு வந்தது ஒரு சகோதரியின் மரணம். புதுக்கோட்டையைச் சேர்ந்த மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை 1923இல் குடற்புற்றால் மறைந்தார். அன்று உள்ளத்தில் விழுந்த விதை முளைவிட முப்பது ஆண்டுகள் ஆயின. இந்திய மாதர் சங்கத்தின் வாயிலாக நிதி திரட்டப்பட்டது. 1952 அக்டோபரில் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18ஆம் நாள் அடையாறு புற்றுநோய் நிலையம் பன்னிரண்டு படுக்கைகளுடன் தொடங்கியது. இந்நோய் வந்தால் இறப்புத்தானே, இதற்கென்று ஒரு மருத்துவமனை எதற்கு எனும் கேள்வி ஆட்சியாளர் மட்டத்திலேயே அன்று எழுந்தது.

முத்துலட்சுமி அம்மையாரின் மகன் மருத்துவர் எஸ். கிருஷ்ணமூர்த்தி அந்நிலையத்தைத் தம் தோளில் சுமந்தார். 1955இல் மருத்துவர் வி. சாந்தா அவருடன் இணைந்தார். அரசு மருத்துவமனையில் உறுதியான பதவி காத்திருந்தும் அதனை ஏற்காமல் இங்கு வந்த சாந்தா, நிலைய வளாகத்திலேயே தங்கி, 2021 ஜனவரி 19ஆம் நாள் மறையும் வரை அங்கேயே வாழ்ந்தார். 2005இல் மகசேசே விருதும், 2016இல் பத்ம விபூஷண் விருதும் அவரைத் தேடி வந்தன. கிருஷ்ணமூர்த்தி 2010இல் காலமானார்.

இவ்விருவரின் ஆய்வு வாழ்வைப் புரிந்துகொள்ளக் கோபால்ட் இயந்திரத்தின் கதையை அறிய வேண்டும். பழைய எக்ஸ் கதிர் இயந்திரங்களின் ஆற்றல் தோலிலேயே மிகுதியாக இறங்கியது. ஆழத்திலிருக்கும் கட்டிக்குப் போதிய கதிரைச் செலுத்துவதற்குள் தோல் வெந்துவிடும். ‘கரண்ட் வைத்தால் கருகும்’ என்னும் பேச்சு வெறும் கற்பனையன்று. அக்காலத்து அனுபவத்தின் எச்சமே என்று கருத இடமுண்டு. கனடாவில் அணு உலையில் உருவாக்கப்பட்ட கோபால்ட்-60 தனிமத்தைக் கொண்டு, 1951 அக்டோபர் 27ஆம் நாள் அந்நாட்டின் லண்டன் நகரில் முதல் நோயாளிக்குச் சிகிச்சை அளிக்கப்பட்டது. இதன் காமா கதிர் தோலின் மேற்பரப்பைக் கடந்து, ஏறத்தாழ அரை சென்டிமீட்டர் ஆழத்தில்தான் உச்ச அளவை அடைகிறது. எனவே தோல் பெரிதும் காக்கப்படுகிறது. அவ்வியந்திரம் ஒன்று 1950களின் பிற்பகுதியில் கனடாவிலிருந்து அடையாற்றுக்கு வந்து சேர்ந்தது. இந்தியாவிலேயே அதுதான் முதலாவது.

இயந்திரம் வந்ததோடு அவர்கள் நிறைவடையவில்லை. மேலை நாடுகளில் அருகிக் காணப்பட்ட வாய்ப்புற்று, புகையிலை மெல்லும் நம் நாட்டில் மலிந்திருந்தது. பெரும்பாலோர் நோய் முற்றிய நிலையிலேயே வந்தனர். கதிர் மட்டும் அவர்களுக்குப் போதவில்லை. கதிரின் வேகத்தைப் புற்றணுக்களிடம் கூட்டித் தரும் மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தால் என்ன எனும் கேள்வியைக் கிருஷ்ணமூர்த்தியும் சாந்தாவும் எடுத்துக்கொண்டனர். 1970களில் ஒரு சாராருக்குக் கதிரோடு பிளியோமைசின் மருந்தும், மற்றொரு சாராருக்குக் கதிர் மட்டும் அளித்து, இரு சாராரையும் ஒப்பிட்டுப் பதிவு செய்தனர். மருந்தும் கதிரும் சேர்ந்த சிகிச்சையில் கட்டி கரைவது தெளிவாக மேம்பட்டிருந்தது. அம்முடிவுகள் பிரிட்டனின் கதிரியல் இதழில் வெளியாயின. இவ்விரு முறைகளையும் இணைத்து அளிப்பது, முற்றிய தலை, கழுத்துப் புற்றுக்கு உலகெங்கும் வழக்கமான சிகிச்சையாக நிலைபெற்றது இருபதாம் நூற்றாண்டின் இறுதியில்தான். புகையிலை மென்ற ஏழைகளின் வாயை நோக்கிய அடையாற்று ஆய்வு அப்பாதையில் முன்னே நடந்தது என்பது நாம் பெருமைப்படத்தக்க செய்தியாகும். 1976இல் மின்சாரத்தால் இயங்கும் நேர்கோட்டு முடுக்கி எனும் இயந்திரமும் நாட்டிலேயே முதன்முறையாக அங்கு நிறுவப்பட்டது.

துலாக்கோல் பிடிப்போர்

இனி, இவ்வரலாற்றில் திரைக்குப் பின்னே நிற்பவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் மருத்துவ இயற்பியலாளர். எவ்வளவு கதிர் தேவை என்று மருத்துவர் முடிவு செய்கிறார். அவ்வளவே, அவ்விடத்திலேயே இறங்குகிறதா என்பதற்கு இயற்பியலாளர் பொறுப்பேற்கிறார்.

கதிரின் அளவைக் ‘கிரே’ எனும் அலகால் குறிப்பர். ஒரு கிலோ திசு ஒரு ஜூல் ஆற்றலை ஏற்பது ஒரு கிரே ஆகும். நாளொன்றுக்கு 2 கிரே வீதம் ஆறேழு வாரங்களில் 60 முதல் 70 கிரே வரை கட்டியில் மட்டும் செலுத்துவது வழக்கமான சிகிச்சை முறை. ஆனால் ஏறத்தாழ 4 கிரே ஒரே நேரத்தில் உடல் முழுவதும் பாய்ந்தால், சிகிச்சையின்றி விடப்பட்டோருள் பாதிப்பேர் மடியக்கூடும். அந்த 4 கிரே உடலின் வெப்பத்தை உயர்த்துவதோ ஆயிரத்தில் ஒரு பாகை அளவுக்குத்தான். கண் காணாது, கை உணராது, நோயாளிக்கு வலிக்கவும் செய்யாது. எனவே அளவைப் பிழை நிகழ்ந்தால் அதனை அந்நேரத்தில் எந்தப் புலனும் எச்சரிக்காது.

கோபால்ட்டின் அரை ஆயுள் ஐந்தேகால் ஆண்டு. மாதந்தோறும் அதன் வீரியம் நூற்றுக்கு ஒன்று என்ற அளவில் தேய்கிறது. ஆகவே சென்ற மாதம் ஒரு நோயாளியை எவ்வளவு நேரம் கதிரின் முன் படுக்க வைத்தோமோ, இம்மாதம் அதனினும் சற்றுக் கூடுதலாக வைக்க வேண்டும். இக்கணக்குப் பிழைத்தால் என்னாகும் என்பதற்கு 1996இல் கோஸ்டாரிகா நாட்டில் நிகழ்ந்தது சான்றாகும். அங்கே புதிய கோபால்ட் மூலம் பொருத்தப்பட்டபோது, கடிகை காட்டிய 0.3 நிமிடத்தை 18 வினாடி எனக் கொள்ளாமல் 30 வினாடி எனக் கொண்டு கணக்கிட்டுவிட்டனர். அதனால் 115 நோயாளிகள் தேவைக்கு மேல் கதிரை ஏற்றனர். அவர்களுள் பலர் அதனாலேயே உயிரிழந்தனர். ஒரு தசமப் புள்ளியைத் தவறாகப் படித்ததன் விளைவு அது.

அளவைப் பற்றிய இவ்வெச்சரிக்கை நம் சமயத்தவருக்குப் புதிதன்று. ஒவ்வொரு பொருளும் அளவோடு படைக்கப்பட்டிருக்கிறது என்றும், தராசில் வரம்பு மீறக் கூடாது என்றும், அளவையில் மோசம் செய்வோருக்குக் கேடு உண்டு என்றும் திருக்குர்ஆன் உணர்த்துகிறது. இப்போதனையை வணிகத்தோடு நிறுத்திக்கொள்ளாமல் அறிவியலுக்கும் கொண்டு சென்றவர் அல்காஸினீ. மர்வ் நகரில் வாழ்ந்த அவர், ஹிஜ்ரி 515இல், அதாவது கி.பி. 1121இல் ‘மீஸானுல் ஹிக்மா’ எனும் நூலை இயற்றினார். நீரில் நிறுத்து எடைபோடும் நுண்தராசைக் கொண்டு தங்கத்தின் கலப்பையும் மணிகளின் போலியையும் கண்டறியும் முறையை அதில் விளக்கினார். முத்துகளைத் துளைச் சல்லடைகளில் தரம் பிரித்து, மஞ்சாடியிலும் கழஞ்சிலும் எடைபோட்டு விலை கண்ட தூத்துக்குடிக் கடற்கரையின் மரைக்காயர்களும் பரதவர்களும் அம்மரபின் சிறப்பை அறிவர். அன்று தராசு பிழைத்தால் பொருள் நட்டம்; இன்று மருத்துவமனையில் தராசு பிழைத்தால் உயிர் நட்டம். வேறுபாடு இவ்வளவே.

மணலும் அச்சமும்

நம் பகுதி மக்களின் அச்சத்துக்கு மற்றொரு காரணமும் உண்டு. 1909இல் மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் ஷோம்பர்க் எனும் ஜெர்மானியர் மோனசைட் மணலைக் கண்டறிந்தார். அதிலுள்ள தோரியம், வாயு விளக்குகளின் வலைத்திரி செய்ய உதவியது. அதே காலத்தில், தோரியம் பிரித்த கழிவிலிருந்து ‘மீசோதோரியம்’ எனும் கதிரியக்கப் பொருளை எடுத்து ஜெர்மானிய மருத்துவர்கள் புற்றுக்குச் சிகிச்சை செய்தனர் என்பது பலரும் அறியாத செய்தி. பின்னாளில் கடற்கரைக் கனிம மணல் குறித்த வழக்குகளும், 2013இல் தமிழக அரசு விதித்த தடையும், 2011 முதல் வலுப்பெற்ற கூடங்குளம் போராட்டமும், கதிர் என்றாலே புற்று எனும் எண்ணத்தை நம் மக்கள் மனத்தில் ஆழப் பதித்துவிட்டன.

அணு உலை வேண்டுமா, வேண்டாமா என்பது தனி விவாதம். அது இக்கட்டுரையின் எல்லைக்கு அப்பாற்பட்டது. கதிர் அளவு மீறினால் புற்றை உண்டாக்கும் என்பதும் மறுக்க முடியாத உண்மை. ஆயின் இங்கும் அளவையே கேட்க வேண்டும். கேரளத்தின் கருநாகப்பள்ளிக் கடற்கரையில் மோனசைட் மணலால் இயற்கைக் கதிர் மிகுதி. கடலோர ஊராட்சிகளில் ஆண்டுக்கு 4 மில்லிகிரேக்கு மேலும், சில இடங்களில் 70 மில்லிகிரே வரையிலும் பதிவாகியுள்ளது. அங்கு வாழும் ஏறத்தாழ 70,000 பேரைச் சராசரியாகப் பத்தரை ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வொன்று 2009இல் வெளியாயிற்று. கதிரின் அளவுக்கேற்பப் புற்றுநோய் கூடியதாக அவ்வாய்வில் புலப்படவில்லை. ஓர் ஆய்வு முடிந்த முடிபாகாது. எனினும், அளந்து பாராமல் அஞ்சுவதும், அளந்து பாராமல் துணிவதும் ஒரே தவறின் இரு பக்கங்கள் என்பதை அது உணர்த்துகிறது.

நம் வட்டாரத்தார் பலர் சிகிச்சைக்காகத் திருநெல்வேலிக்கும் மதுரைக்கும், 1981இல் தொடங்கப்பெற்ற திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்துக்கும் செல்கின்றனர். இந்தியாவின் பாபா அணு ஆராய்ச்சி மையத்தார் உருவாக்கிய ‘பாபாட்ரான்’ எனும் உள்நாட்டுக் கோபால்ட் இயந்திரம் 2005 முதல் பயன்பாட்டுக்கு வந்து, வியத்நாம் போன்ற நாடுகளுக்கும் கொடையாகச் சென்றுள்ளது. இயந்திரம் அருகில் வந்துவிட்டது. நெஞ்சத்தில்தான் தொலைவு குறையவில்லை.

இத்தொலைவைக் குறைப்பதில் ஆலிம்களுக்குப் பங்குண்டு. நோயாளியை நலம் விசாரிப்பது சுன்னத்து. விசாரிக்கச் சென்றவர் பாதிச் சிகிச்சையில் எழுப்பி அழைத்து வருவது அச்சுன்னத்துக்கு நேர் மாறானது. ஜும்ஆ மேடையில் ஆண்டுக்கு ஒரு முறையேனும் புகையிலையின் தீங்கையும், ஆரம்ப நிலைப் பரிசோதனையின் பயனையும், தொடங்கிய சிகிச்சையை முடிக்க வேண்டிய கட்டாயத்தையும் எடுத்துரைப்பது நம் கடமை. அன்று அவ்வம்மையாரின் வீட்டில் நாம் பேசாதிருந்தமைக்கு ஈடாக இதனையேனும் செய்வோமாக.

மற்றொன்றும் உண்டு. மருத்துவ இயற்பியல் மாணவர்கள் உலகெங்கும் கையில் எடுக்கும் பாடநூல்களுள் முதன்மையானது, கதிர் சிகிச்சையின் இயற்பியல் பற்றி 1984இல் வெளிவந்து பல பதிப்புகள் கண்ட நூல். அதன் ஆசிரியர், பாகிஸ்தானிலிருந்து சென்று அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஃபாயிஸ் கான். நம் பிள்ளைகளுள் இயற்பியலில் நாட்டமுடையோர் பலர் உள்ளனர். மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைக்காததோடு வாழ்வு முடிந்ததாகக் கருதும் அவர்களுக்கு, இயற்பியல் வழியாகவும் நோயாளியின் படுக்கையருகே சென்று சேரலாம் என்று யாரேனும் சொல்ல வேண்டும். அல்காஸினீயின் தராசு அவர்களுக்காகவும் காத்திருக்கிறது.

முற்றிய கட்டியை நெருங்க வேண்டாம் என்று எழுதிய ஸஹ்ராவீ இன்றிருந்தால், கதிரறையின் கனத்த கதவருகே நின்று, அளவுமானியை ஒரு முறைக்கு இரு முறை சரிபார்த்திருப்பார் என்றே நமக்குத் தோன்றுகிறது. நோயுற்றோருக்குப் பூரண ஷிஃபாவையும், நமக்கு அளவறியும் அறிவையும், அதனை அமானிதமாகக் காக்கும் உள்ளத்தையும் வல்ல அல்லாஹ் அருள்வானாக! ஆமீன்.